கல்சியம் கூடித்தானே ஓப்பரேஷன் செய்தார்கள், பிறகு எதற்குக் கல்சியக் குளிசை?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. பொகவந்தலாவைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறார். மூன்று வருடத்தில் இரண்டு முறை சிறுநீரகக் கல், ஓயாத இடுப்பு வலி, மலச்சிக்கல், எப்போதும் களைப்பு. கடைசியில் இரத்தத்தில் கல்சியம் 3.05 மில்லிமோல் என்று கண்டுபிடித்து, பராதைரொயிட் கட்டி என்று சொல்லி, கண்டியில் சத்திரசிகிச்சை செய்து எடுத்தார்கள். மூன்றாம் நாள் துண்டு வெட்டி (ஆஸ்பத்திரியிலிருந்து விடுவித்து) வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கு ஒன்பதாம் நாள். கொடுத்த கல்சியம் காபனேற்றுக் குளிசை ஐந்தாம் நாளே முடிந்துவிட்டது. தோட்ட டிஸ்பென்சரியில் கல்சியம் லக்டேற்று 300 மில்லிகிராம் இருந்தது, அதை அதேபோல நாளுக்கு மூன்று கொடுத்தேன். பக்கத்துக் காம்பரா அக்கா, "கல்லு வந்த ஆளுக்குக் கல்சியம் கொடுக்கலாமா, கூடித்தானே வெட்டினாங்க" என்றதும் அம்மா பயந்து ஒன்றாகக் குறைத்துக்கொண்டார். முந்தாநாளிலிருந்து உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்கிறதாம். நேற்றிரவு கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு அழுதார். குரலும் சாயங்காலத்தில் கரகரக்கிறது. அவர் எப்போது மலைக்குப் போகலாம், கூடை தூக்கலாமா, என்ன சாப்பிடலாம் என்றும் சொல்லுங்கள். ரிப்போர்ட்டுகளின் படத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் அவசரமானது. இந்தப் பகுதியை உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசிக்கு அனுப்பிவிட்டேன். இதே நிலையில் வீட்டில் ஆள் வைத்திருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இப்போது இரத்தத்தில் கல்சியம் இறங்குகிறது. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதும் கெண்டைக்கால் இழுப்பதும் அதன் குரல்தான். கல்சியம் காபனேற்று 1,250 மில்லிகிராம் குளிசை எங்கே கிடைத்தாலும் வாங்கி, இரண்டு குளிசையை ஏதாவது சாப்பாட்டோடு மென்று தின்னக் கொடுங்கள். நோர்வூட்டிலோ ஹட்டனிலோ பார்மசியில் கேட்டால் கிடைக்கும். கொடுத்துவிட்டு "சரியாகிறதா பார்ப்போம்" என்று வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். இன்றைக்கே இரத்தப் பரிசோதனை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். உங்களுக்குக் கிட்ட இருப்பது டிக்கோயா ஆதார வைத்தியசாலை. கண்டியில் தந்த துண்டையும் கிளினிக் கொப்பியையும் கையோடு எடுத்துப் போங்கள். போனதும் சொல்ல வேண்டிய ஒரே வசனம்: "பராதைரொயிட் ஓப்பரேஷன் செய்து ஒன்பது நாள், கல்சியம் குறைந்த குணங்கள் இருக்கிறது." இதைச் சொன்னால் வரிசையில் காத்திருக்க விடமாட்டார்கள்.

கை விரல்கள் தாமாக ஒன்றுசேர்ந்து மணிக்கட்டு உள்பக்கம் மடங்கிக்கொண்டால், மூச்சு இழுக்கும்போது தொண்டையில் சத்தம் வந்தால், வலிப்பு வந்தால், நெஞ்சு படபடத்துத் தலை சுற்றி விழப் போனால், பஸ்ஸுக்கு நிற்காமல் 1990 அடித்துச் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டே 10 சதவீதக் கல்சியம் குளுக்கோனேற்று 10 மில்லிலீற்றரைப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக நரம்பில் ஏற்றுவார்கள். தேவையானால் பிறகு சேலைனோடு தொடர்ந்து போகும். ஊசி ஏறும் இடத்தில் எரிந்தால் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கக் கூடாது, உடனே தாதியிடம் சொல்ல வேண்டும். அந்த மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கும்.

இனி அந்த அக்காவின் கேள்விக்கு வருவோம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கல்சியம் கூடிய வருத்தத்துக்குக் கல்சியமே மருந்து என்றால் யாருக்கும் குழப்பம் வரும். துண்டு வெட்டும்போது ஐந்து நிமிடம் எடுத்து அம்மாவுக்கு விளங்கப்படுத்தியிருந்தால் இந்தப் பயம் வந்திருக்காது.

நம் உடம்பில் ஏறக்குறைய ஒரு கிலோ கல்சியம் இருக்கிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பில். இரத்தத்தில் ஓடுவது மிகக் கொஞ்சம், ஆனால் நரம்பும் தசையும் இதயமும் ஓடுவது அந்தக் கொஞ்சத்தில்தான். நீங்கள் தினமும் பார்க்கும் காசல்ரீ நீர்த்தேக்கத்தை எலும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மதகைத் திறந்து மூடுகிறவைதான் தைரொயிட்டுக்குப் பின்னால் பருப்பளவில் இருக்கும் நான்கு பராதைரொயிட் சுரப்பிகள். அம்மாவுக்கு அதில் ஒன்று கட்டியாக வளர்ந்து, வருடக்கணக்காக மதகைத் திறந்தபடியே வைத்திருந்தது. கீழே ஆறு நிரம்பி வழிந்தது, அதுதான் 3.05 என்ற அளவு. வழிந்தது சிறுநீரகத்தில் கல்லாகப் படிந்தது. மேலே தேக்கம் வற்றியது, அதுதான் இடுப்பு வலி. கல்சியம் கூடியது சாப்பாட்டால் அல்ல, அம்மாவின் சொந்த எலும்பு கரைந்ததால்.

கட்டியை எடுத்ததும் மதகு விழுந்து மூடிவிட்டது. அந்தக் கட்டி சுரந்த பராதைரொயிட் ஓமோன் சில நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும் தன்மையுள்ளது, ஆகவே மாற்றம் ஓப்பரேஷன் மேசையிலேயே தொடங்கிவிடும். மீதி மூன்று சுரப்பிகளும் பெரியது ஒன்று வேலை செய்ததால் இத்தனை நாள் தூங்கிக் கிடந்தவை, எழும்ப நாள் எடுக்கும். அதே நேரம் வற்றிப்போன எலும்பு, இரத்தத்தில் வருகிற கல்சியத்தையெல்லாம் இழுத்துக் குடிக்கிறது. மருத்துவத்தில் இதற்கு "பசித்த எலும்பு" என்றே பெயர். சாதாரணமாகக் கல்சியம் ஓப்பரேஷனுக்குப் பிறகு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆகக் கீழே இறங்கி, பிறகு ஏறும். எலும்பு பசித்திருந்தால் இறக்கம் வாரங்கள், மாதங்கள் நீளும்.

அம்மாவுக்குப் பசி கடுமையாக இருக்கும் என்பதை ஓப்பரேஷனுக்கு முந்திய ரிப்போர்ட்டே சொல்கிறது. அல்கலைன் பொஸ்பற்றேஸ் 390, வழமையான மேல் எல்லை 120 அளவில்தான் இருக்கும். அது எலும்பு எவ்வளவு வேகமாக உடைந்து கட்டுகிறது என்பதன் அறிகுறி. பராதைரொயிட் ஓமோன் 420, 65க்குள் இருக்க வேண்டியது. விற்றமின் டி 11 நனோகிராம், குறைந்தது 20 வேண்டும். எடுத்த கட்டியின் எடை 3.2 கிராம் என்று எழுதியிருக்கிறது. நல்ல சுரப்பி ஒன்று 30 முதல் 50 மில்லிகிராம்தான், ஆக அறுபது மடங்குக்கு மேல். வயது, பெரிய கட்டி, உயர்ந்த பொஸ்பற்றேஸ், குறைந்த விற்றமின் டி என்று நான்கும் ஒரே ஆளிடம் இருக்கும்போது ஐந்து நாள் குளிசை எந்த மூலைக்கும் காணாது.

இது புதிய சங்கதியும் அல்ல. 1932இல் பொஸ்டனில் சார்ல்ஸ் மார்ட்டெல் என்ற கப்பல் தலைவருக்கு ஏழாவது சத்திரசிகிச்சையில்தான் நெஞ்சுக்குள் ஒளிந்திருந்த பராதைரொயிட் கட்டி அகப்பட்டது. எடுத்த சில நாட்களிலேயே அவருக்குக் கை கால் இழுப்பு வந்து கல்சியம் ஏற்ற வேண்டியதாயிற்று. கட்டி போனதும் கல்சியம் விழும் என்று அப்போதே கண்டுவிட்டார்கள்.

அடுத்தது உங்கள் வீட்டில் நடந்த குளிசை மாற்றம். இதைத்தான் இந்தப் பதிலில் எல்லாரும் கவனித்துப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கல்சியம் என்று பெயர் இருக்கும் குளிசைகள் எல்லாம் ஒன்றல்ல. கல்சியம் காபனேற்றில் நூற்றுக்கு நாற்பது பங்கு கல்சியம், ஆகவே 1,250 மில்லிகிராம் குளிசை ஒன்றில் 500 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. கல்சியம் லக்டேற்றில் பதின்மூன்று பங்குதான். 300 மில்லிகிராம் குளிசை ஒன்றில் 39 மில்லிகிராம். கண்டியில் கொடுத்தது நாளுக்கு 1,500 மில்லிகிராம். நீங்கள் நல்லெண்ணத்தில் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றியதில் அது 117 ஆனது. அம்மா குறைத்துக்கொண்டதில் 39 ஆனது. காபனேற்று ஒன்றுக்கு ஈடாக லக்டேற்றுப் பதின்மூன்று விழுங்க வேண்டும், யாராலும் முடியாது. லக்டேற்று கெட்ட மருந்தல்ல, கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுப்பதுண்டு. பசித்த எலும்புக்குப் போதாது.

பெட்டியில் அச்சடித்திருக்கும் இலக்கத்திலும் பொறி இருக்கிறது. சில கம்பெனிகள் காபனேற்று, லக்டேற்று என்ற சேர்வையின் முழு எடையைப் போடும், சில அதிலுள்ள கல்சியத்தை மட்டும் போடும். "கல்சியம் காபனேற்று 500" என்றிருந்தால் உள்ளே 200தான் கல்சியம். "கல்சியம் 500" என்றிருந்தால் 500ம் கல்சியம். பார்மசியில் வேறு பெட்டி தந்தால், "இதில் தனிக் கல்சியம் எவ்வளவு மில்லிகிராம்?" என்று கேட்டு, அதைப் பேனாவால் பெட்டியின் மேலேயே எழுதி வையுங்கள்.

காபனேற்று கரைய வயிற்றின் புளிப்பு வேண்டும். ஆகவே வெறும் வயிற்றில் வேண்டாம், ரொட்டியோ சோறோ சாப்பிடும் நடுவில் மென்று விழுங்கட்டும். ஒரு வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடல் உறிஞ்சும் பங்கு குறைகிறது, அதனால்தான் மூன்று நான்கு வேளையாகப் பிரிக்கிறோம். இன்றைக்குச் சொன்ன இரண்டு குளிசை அவசரத்துக்கு மட்டும். அம்மா கேஸ்ட்ரைட்டிசுக்கு ஒமெப்ரசோல் போடுகிறவரானால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அது புளிப்பைக் குறைப்பதால் காபனேற்றுச் சரியாகக் கரையாது, நீண்ட நாள் போட்டால் மக்னீசியத்தையும் குறைக்கும். மக்னீசியம் குறைந்திருந்தால் எத்தனை கல்சியம் கொடுத்தாலும் இரத்தத்தில் ஏறாது. கல்சியம் கொடுத்தும் இழுப்பு நிற்காதவர்களுக்கு நாங்கள் முதலில் தேடுவது மக்னீசியத்தைத்தான்.

இரத்தக்குறைவுக்கு இரும்புச்சத்துக் குளிசை எடுக்கிறார் என்றால் கல்சியத்துக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று தடுக்கும். தைரொயிட் குறைவுக்குத் தைரொக்சின் எடுப்பவர்களுக்கு இடைவெளி நான்கு மணி நேரம். பிளேன்டியைப் பற்றிப் பலர் கேட்பார்கள். தேயிலைச் சாயம் இரும்பைத்தான் பெரிதாகக் கெடுக்கும், கல்சியத்தை அவ்வளவு கெடுக்காது. அம்மாவின் பிளேன்டியைப் பறிக்க வேண்டாம்.

துண்டில் எழுதியிருக்கும், விற்றமின் டி வகையான அல்பாகல்சிடோல் 0.5 மைக்ரோகிராமை அம்மா இன்னும் எடுக்கிறாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. எடுக்காவிட்டால் அதுவே பாதிக் காரணம். சாதாரண விற்றமின் டி சிறுநீரகத்தில் செயலுக்கு வர, பராதைரொயிட் ஓமோன் கட்டளை கொடுக்க வேண்டும். இப்போது கட்டளை கொடுக்கும் சுரப்பிகள் தூக்கத்தில் இருக்கின்றன. அல்பாகல்சிடோல் அந்தக் கட்டளை இல்லாமலே வேலை செய்யும், குடல் கல்சியத்தை உறிஞ்சும் கதவை அதுதான் திறக்கிறது. அது இல்லாமல் விழுங்கும் கல்சியத்தில் பெரும்பங்கு மலத்தோடு போய்விடும். 11 என்ற குறைவைத் தீர்க்கச் சாதாரண விற்றமின் டியும் வேறாக வேண்டும், அதையும் கிளினிக்கில் கேளுங்கள். நாள் முழுக்க வெளியில் வேலை செய்கிறவருக்கு எப்படி விற்றமின் டி குறையும் என்று நினைப்பீர்கள். விடிந்ததிலிருந்து பனிமூட்டம், கம்பளிச் சட்டை, தலையில் துணி, இடுப்பில் படங்கு என்று மூடிக்கொண்டால் வெயில் படும் தோல் எவ்வளவு மிச்சம்?

"கல் வருமே" என்ற பயத்துக்கு நேரான பதில்: இந்தக் கட்டத்தில் கொடுக்கும் கல்சியம் எலும்புக்குள் போகிறது, சிறுநீரில் வழிய மிச்சமில்லை. கட்டி போனபிறகு புதிய கல் வரும் வாய்ப்புக் குறையும். ஏற்கனவே உள்ளே கிடக்கும் கல் கரைந்துவிடாது, அதை ஸ்கேனில் பார்த்துத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஆனால் பயத்தில் ஒரு உண்மையும் உண்டு. எலும்பின் பசி அடங்கி, சுரப்பிகள் விழித்த பிறகும் யாரும் சொல்லாமலே இந்தக் குளிசைகளை மாதக்கணக்காக விழுங்கினால் கல்சியம் மறுபடி ஏறும், கல்லும் வரும். தாகம், அடிக்கடி சிறுநீர், ஓங்காளம், மலச்சிக்கல், மந்தமாக உறங்கி வழிதல் என்று அம்மாவுக்குப் பழக்கமான அந்தப் பழைய குணங்கள் திரும்பினால், அடுத்த வேளைக் குளிசைக்கு முன் இரத்தம் பார்க்க வேண்டும். ஆக, தானாக நிறுத்தவும் கூடாது, தானாக நீட்டவும் கூடாது. சுகமாகும்போது வைத்தியர் ஒரு நேரத்தில் ஒரு மருந்தைத்தான் குறைப்பார், ஒரு வாரம் கழித்து இரத்தம் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுவார். லேசானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் எல்லாம் நின்றுவிடும். அம்மாவுக்கு மாதங்கள் ஆகும் என்று மனதைத் தயார் செய்யுங்கள். பொஸ்பற்றேஸ் முதல் சில வாரம் கூடக் கூடலாம், பயப்பட வேண்டாம். அது படிப்படியாக இறங்கி வழமைக்கு வரும்போதுதான் எலும்பின் பசி அடங்குகிறது.

இரத்தப் பரிசோதனைக்குக் காலைக் குளிசைக்கு முன் போங்கள், முடிந்தவரை ஒரே லாப்பில் செய்யுங்கள். கல்சியத்தோடு அல்புமின் (இரத்தத்திலுள்ள ஒரு புரதம்), பொஸ்பேற்று, மக்னீசியம், கிரியற்றினின் கேளுங்கள். கல்சியத்தில் ஏறக்குறையப் பாதி அல்புமினோடு ஒட்டிக்கொண்டு போவதால், அல்புமின் குறைந்த உடம்பில் கல்சியம் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். 40இலிருந்து அல்புமின் ஒவ்வொரு கிராம் குறைவுக்கும் 0.02 கூட்டிக்கொள்ள வேண்டும். கல்சியம் 2.00, அல்புமின் 32 என்று வந்தால் உண்மைக் கணக்கு 2.16. சில லாப் மில்லிமோலில் தரும், சில மில்லிகிராமில் தரும். மில்லிகிராம் இலக்கத்தை நான்கால் பிரித்தால் மில்லிமோல். 8.4ஐப் பார்த்துவிட்டு "மூன்றிலிருந்து எட்டாகிவிட்டதே" என்று நடுங்கிய குடும்பங்கள் உண்டு. அது 2.1தான்.

வீட்டில் அம்மாவைக் கவனிப்பதில் மலைநாட்டுக்கே உரிய சில சிக்கல்கள் இருக்கின்றன. விடியற்காலைக் குளிரில் யாருக்கும் விரல் விறைக்கும். அதையும் கல்சியக் குறைவையும் பிரித்துப் பார்க்க, சூடான தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் ஐந்து நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். குளிர் விறைப்பு அதில் விலகிவிடும். கல்சியக் குறைவு விலகாது, உதட்டைச் சுற்றியும் இருக்கும், கால் விரலிலும் இருக்கும், இரண்டு பக்கமும் ஒரேபோல இருக்கும். வெற்றிலை போடுகிறவரானால் உதட்டை நம்ப வேண்டாம், சுண்ணாம்பும் பாக்கும் வாயை மரத்துப்போகச் செய்யும். விரல் நுனியையும் கால் விரலையும் கேளுங்கள். "சுண்ணாம்பும் கல்சியம்தானே" என்று வெற்றிலையைக் கூட்டுகிறவர்களும் உண்டு. சுண்ணாம்பில் கல்சியம் இருப்பது உண்மைதான், ஆனால் அளவு தெரியாதது. அல்பாகல்சிடோலோடு சேர்ந்தால் கல்சியத்தை ஏடாகூடமாக ஏற்றிவிடும். வாய்ப் புற்றுநோய்க்கு வெற்றிலை பாக்கு நேரான காரணம் என்பதையும் சேர்த்து யோசித்து, இந்த மாதங்களையே அதை விடும் சாட்டாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

லயத்துக்கு ஏறும் படியில் வேகமாக ஏறி மூச்சு வாங்கினால் அந்த எறும்பு ஊர்வது கூடுவதைக் காண்பீர்கள். அடித்து அடித்து மூச்சு விடும்போது இரத்தத்தின் காரத்தன்மை கூடி, வேலைக்கு உதவும் கல்சியம் அல்புமினில் ஒட்டிக்கொள்கிறது. பயந்து அழுதாலும் அதேதான். நின்று, மூக்கால் மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள். அப்படியும் பத்து நிமிடத்தில் நிற்காவிட்டால் அது மூச்சின் பிழையல்ல.

குரலைப் பற்றி. மயக்க மருந்துக்காகத் தொண்டையில் போட்ட குழாயால் சில நாள், சிலருக்கு இரண்டு வாரம் வரை கரகரப்பு இருக்கும். இரண்டு வாரம் கடந்தும் மாறாவிட்டால் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் குரல் நாணைக் கமராவால் பார்க்க வேண்டும், ஏனென்றால் குரல் நரம்பு அந்தச் சுரப்பியை உரசியபடி ஓடுகிறது. தண்ணீர் குடிக்கும்போது புரைக்கேறி இருமினால் இரண்டு வாரம் பொறுக்க வேண்டாம், முன்னதாகவே காட்டுங்கள். அதுவரை நாடியை (தாடையை) நெஞ்சை நோக்கித் தாழ்த்தி, சிறு மிடறாகக் குடிக்கட்டும். குசுகுசுவென்று பேசுவது குரலுக்கு ஓய்வு என்று நினைக்கிறார்கள், அது நாணை இன்னும் இறுக்கும். தாழ்ந்த இயல்பான குரலில் பேசலாம், ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குக் கூப்பிடக் கூடாது.

காயத்தின் மேல் கோடுபோலக் கட்டியாகத் தடவுப்படுவது இரண்டு மூன்று வாரம் வரை கூடிப் பிறகு குறையும். அது இயல்பு. அதன்மேல் தோல் மரத்திருப்பதும் இயல்பு. குளிக்கலாம், ஒற்றித் துடைக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. ஒட்டியிருக்கும் சிறு பட்டிகள் தாமாக விழட்டும். மஞ்சளோ எண்ணெயோ பூச வேண்டாம். தாலிக்கயிறு காயத்தில் உரசினால், புதிய நூலில் நீளமாகக் கோர்த்துத் தாழ விடுங்கள். ஈரமான பழைய மஞ்சள் கயிறு காயத்தில் கிருமியை ஏற்றும் நல்ல வழி. கம்பளிக் கழுத்துக்குள் மெல்லிய பருத்தித் துணி வையுங்கள். தையல் நன்றாக ஆறி, மூன்று நான்கு வாரம் போனபின் விரலால் வட்டமாக அழுத்தித் தடவலாம். உயரத்தில் வெயில் குளிராகத் தெரிந்தாலும் தோலைக் கடுமையாகக் கறுக்கும், ஒரு வருடத்துக்குத் தழும்பை மூடியே வையுங்கள். சிவந்து சூடாகி வீங்கினால், சீழ் வந்தால், காய்ச்சல் வந்தால் காட்டுங்கள். கழுத்துத் திடீரென்று பந்துபோல வீங்கி மூச்சு முட்டுவது பெரும்பாலும் முதல் நாளிலேயே வருவது, ஆனால் எந்த நாளில் வந்தாலும் 1990தான்.

மலைக்கு எப்போது போகலாம் என்ற கேள்விக்குக் காயம் மட்டும் பதில் சொல்லாது. காயத்தை மட்டும் பார்த்தால் இரண்டு வாரத்துக்கு நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்காமல் இருந்து, பிறகு படிப்படியாகக் கூட்டலாம். கூடை வேறு கணக்கு. கயிறு தலையில் மாட்டி முதுகில் தொங்கும் பாரம் முழுவதையும் கழுத்துத்தான் முன்பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. ஓப்பரேஷனில் பிரித்துத் தைத்த தசைகள் இருப்பது அந்த முன்பக்கத்தில். மழையில் நனைந்த கொழுந்து இன்னும் கனம். ஆறு வாரத்துக்கு முன் கூடையைத் தொடவே கூடாது. அதன் பிறகும், வற்றிப்போன முதுகெலும்பு அந்தப் பாரத்தில் நொறுங்குமா என்று பார்க்காமல் கூடாது. எலும்பு அடர்த்தி ஸ்கேன் செய்ய முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள், முதுகெலும்புக்கு எக்ஸ்ரே ஒன்றாவது வேண்டும். எலும்பு மறுபடி நிரம்ப ஒன்று இரண்டு வருடம் எடுக்கும், ஆனால் நிரம்பும். அதுவரை பத்து லீற்றர் தண்ணீர்க் கானும் தலை விறகும் கூடையைப் போலத்தான், பத்து லீற்றர் என்றால் பத்துக் கிலோ.

கிளினிக்கில் மெடிக்கல் கேட்கும்போது வெறும் ஓய்வு நாட்களை மட்டும் எழுதி வாங்காதீர்கள். "எலும்பு பலவீனத்தால் பாரம் தூக்காத இலகு வேலை" என்று காலமும் குறித்து எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் பிரட்டில் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில்) நிற்காது, கடிதம் நிற்கும். படுத்தே கிடப்பதும் கூடாது, நடந்தால்தான் எலும்பு கல்சியத்தை வாங்கிக் கட்டும். சமதரையில் காலையும் மாலையும் பதினைந்து நிமிடத்தில் தொடங்கலாம். பாசி பிடித்த படியில் மழை நேரம் தனியாக இறங்க விடாதீர்கள். இந்தச் சமயத்தில் வழுக்கி விழுந்தால் இடுப்பு உடையும்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், அது குளிசைக்குத் துணை, மாற்று அல்ல. ஒரு தம்ளர் பாலில் 240 மில்லிகிராம் அளவில் கல்சியம், இரண்டு குவித்த மேசைக்கரண்டிப் பால்மாவிலும் கிட்டத்தட்ட அதே. 100 கிராம் குரக்கன் மாவில் 340 அளவில் இருக்கிறது, ஆகவே கோதுமை ரொட்டியில் பாதிக் குரக்கன் கலந்து சுடுங்கள். நெத்தலிக் கருவாடு முள்ளோடு மென்றால் நல்லது, ஊறவைத்து உப்பைக் கழுவிவிடுங்கள். உப்புக் கூடினால் சிறுநீரில் கல்சியம் போகும். பசளிக்கீரையிலுள்ள கல்சியம் பெரும்பாலும் உடம்பில் சேராது, அதிலுள்ள ஒக்சலேற்று அதைக் கட்டிவைத்துக்கொள்ளும். கல் வந்தவருக்கு அது கூடாததும்கூட. குளிரில் தாகம் தெரியாது என்பதால் அம்மா தண்ணீர் குடிக்கமாட்டார். ஒரு லீற்றர் போத்தலைக் காலையில் நிரப்பி, பகலுக்குள் அது முடிய வேண்டும், மாலைக்குள் இன்னொன்று முடிய வேண்டும் என்று வையுங்கள். காபனேற்றின் மலச்சிக்கலுக்கும் அதுவே மருந்து.

ஓப்பரேஷன் முடிந்த மறுநாள் ஓமோன் 9 என்று இறங்கியிருக்கிறது, கட்டி சரியாக எடுபட்டது என்பதற்கு அது சாட்சி. பிறகு சில மாதத்தில் ஓமோன் கொஞ்சம் கூடிக் காட்டலாம். கல்சியம் வழமையாக இருந்தால் அது வருத்தம் திரும்பியதல்ல, விற்றமின் டி போதாமல் சுரப்பிகள் முயற்சி செய்வது. ஆறு மாதம் கடந்து கல்சியம் வழமையாக இருந்தால்தான் "சுகம்" என்று எழுதுவோம். அதன்பின் வருடத்துக்கு ஒரு முறை கல்சியம் பார்த்தால் போதும். அம்மாவின் உடன்பிறந்தவர்களில் யாருக்காவது அடிக்கடி கல் வந்தால், அவர்களுக்கும் ஒருமுறை கல்சியம் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, தென்மேற்குப் பருவ மழையில் மண்சரிந்து ஹட்டன் பாதை மூடப்படுவது உங்களுக்குத் தெரியும். வீட்டில் எப்போதும் இரண்டு வாரத்துக்கான கல்சியமும் அல்பாகல்சிடோலும் கையிருப்பில் இருக்க வேண்டும், அதற்குக் கீழே இறங்கும்போதே அடுத்ததை வாங்குங்கள். டிக்கோயாவில் இரத்தம் பார்த்தால் அந்த இலக்கங்களைக் கண்டி கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொல்லி, கிளினிக் நாளை முன்னுக்குப் போடக் கேளுங்கள். கொப்பியின் முதல் பக்கத்தில், யார் பிரித்தாலும் கண்ணில் படும்படி, ஓப்பரேஷன் செய்த திகதியையும் "காபனேற்று 1,250, ஒன்றில் கல்சியம் 500" என்பதையும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.